போன் யார், போன் எங்கே: ஆஸ்டரிஸ்க்கில் யூசர்களை டேட்டாபேஸுக்கு மாற்றும்போது

தம்பி கேட்டது இதுதான். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை, கப்பலூரில் அதன் குடோன், இரண்டுக்கும் சேர்த்து 140 ஐபி போன். போன்களை இணைக்கும் சர்வர் மென்பொருள் ஆஸ்டரிஸ்க் 20, அதில் போன்களோடு பேசும் பகுதி பிஜேசிப். தீபாவளிக்கு பில்லிங் கவுன்டர் கூட்டும்போதெல்லாம் கோப்பைத் திறந்து ஒவ்வொரு போனுக்கும் மூன்று பிரிவு (எண்ட்பாயின்ட் போனின் அமைப்பு, ஆத் அதன் பாஸ்வேர்டு, ஏஓஆர் அதை எங்கே தேடுவது) எழுதிச் சலித்துப்போய், யூசர்களை மரியாடிபி டேட்டாபேஸுக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார். இப்போது ரெஜிஸ்டர் ஆக, அதாவது சர்வரில் தன்னைப் பதிந்துகொள்ள, வரும்போது சில போன் 401 (நீ யார் என்று காட்டு) என்கிறது, சில போன் 403 (அனுமதி இல்லை) என்கிறது. 2001 மட்டும் எப்படியோ ரெஜிஸ்டர் ஆகி நிற்கிறது. "அண்ணே, எங்க தப்பு பண்றேன்?"

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் போனில் சொல்வது போல ஒலிப்படியே எழுதுகிறேன். தட்டும்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் 403-ஐ முடித்துவிடுவோம், அது எளிது. பிஎஸ்_ஏஓஆர்ஸ் டேபிளில் மேக்ஸ்_கான்டாக்ட்ஸ் என்ற ஃபீல்டு காலியாக இருக்கிறதா பாருங்கள். காலியாக இருந்தால் ஆஸ்டரிஸ்க் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். 0 என்றால் "எத்தனை போன் வேண்டுமானாலும் வரட்டும்" என்று நாம் நினைப்போம். அதன் அர்த்தம் "ஒன்றுகூட வரக் கூடாது". பாஸ்வேர்டெல்லாம் சரியாகச் சொன்ன பிறகும் வாசலில் நிறுத்தி 403 கொடுத்து அனுப்பிவிடும். லாகில் இந்த ஏஓஆருக்கு மேக்ஸ்_கான்டாக்ட்ஸ் வைக்கப்படவில்லை என்று நேராகவே எழுதியிருக்கும். 2001 ஏன் வேலை செய்கிறது என்றால், அது நீங்கள் சோதனைக்காகக் கையால் போட்ட வரியாக இருக்கும். மற்றதை எக்செல்லில் இருந்து மொத்தமாக ஏற்றியிருப்பீர்கள், அந்த ஷீட்டில் இந்த ஃபீல்டு இருந்திருக்காது.

1 போடுங்கள். கூடவே ரிமூவ்_எக்ஸிஸ்டிங் என்பதை யெஸ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் இன்னொரு வகை 403 கிளம்பும். ஸ்விட்சை அணைத்துப் போட்டதும் ஐபி முகவரி பிரித்துக் கொடுக்கும் டிஹெச்சிபி, போனுக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டது என்று வையுங்கள். பழைய ஐபி இன்னும் காலாவதி ஆகாமல் உட்கார்ந்திருக்கும். ஒருவருக்குத்தான் இடம், அந்த இடத்தில் தன்னுடைய பழைய முகவரியே அமர்ந்திருக்க, போன் வெளியே நிற்கும். வழக்கமான காலாவதி நேரம் 3600 விநாடி என்பதால், ஒரு மணி நேரம் வரைக்கும் இந்தக் கூத்து நடக்கும். ரிமூவ்_எக்ஸிஸ்டிங் இருந்தால் புதியது வந்ததும் பழையதைத் தூக்கிவிடும்.

இனி 401. இங்கேதான் பொறுமை வேண்டும், ஏனென்றால் 401 என்பது பிழையே இல்லை. ஒவ்வொரு போனும் ரெஜிஸ்டர் ஆகும்போது முதலில் ஒரு 401 வாங்கித்தான் தீரும். போன் முதல் தடவை பாஸ்வேர்டு இல்லாமல் வரும். சர்வர் 401 சொல்லி, கூடவே ஒரு தற்காலிகச் சீட்டு கொடுக்கும், நான்ஸ் என்பார்கள். அந்தச் சீட்டையும் பாஸ்வேர்டையும் சேர்த்து அரைத்து ஒரு எம்டி5 விடையைப் போன் மறுபடி கொண்டுவரும். சர்வரும் தன் பக்கம் அதையே அரைத்துப் பார்க்கும். இரண்டும் ஒன்றானால் 200, அதாவது சரி. பாஸ்வேர்டு கம்பியில் போவதே இல்லை. இரண்டாவது தடவையும் 401 வந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

அப்படி இரண்டாவது 401 வருவதற்குக் காரணம் இரண்டு, போன் திரையில் இரண்டுக்கும் முகம் ஒன்றுதான். ஒன்று, அப்படி ஒரு யூசரே சர்வருக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்று, யூசர் இருக்கிறார், பாஸ்வேர்டு ஒத்துப்போகவில்லை. ஆஸ்டரிஸ்க் இதை வேண்டுமென்றே ஒரே மாதிரி காட்டுகிறது. இல்லாத யூசருக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டால், வெளியிலிருந்து 100, 101, 102 என்று துழாவிக்கொண்டே போகிறவனுக்கு எந்த எண் இருக்கிறது, எது இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே போனைப் பார்க்காதீர்கள், லாகைப் பாருங்கள். "நோ மேட்சிங் எண்ட்பாயின்ட் ஃபவுண்ட்" என்றிருந்தால் டேட்டாபேஸ் சங்கிலியில் எங்கோ அறுந்திருக்கிறது. "ஃபெயில்டு டு ஆதென்டிகேட்" என்றிருந்தால் சங்கிலி சரி, பாஸ்வேர்டுதான் தப்பு.

பாஸ்வேர்டு என்றால் எக்செல்லைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஒரு பள்ளிக்கூடத்தில் நானே இதில் மாட்டினேன். யாரோ ஒரு புண்ணியவான் எல்லாப் போனுக்கும் பாஸ்வேர்டை 0452 என்று மதுரை எஸ்டிடி கோடில் ஆரம்பித்து வைத்திருந்தார். ஷீட்டில் ஏற்றியதும் எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் இருந்த 0-வை விழுங்கிவிட்டது. போனில் 0452-இல் தொடங்கும் பாஸ்வேர்டு, டேபிளில் 452-இல் தொடங்கும் பாஸ்வேர்டு. கண்ணால் பட்டியலைப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியாது, வரிசையாக எல்லாமே 452 என்று ஒழுங்காகத்தானே நிற்கிறது! பாதி நாள் போனது. இன்னொரு வில்லன், கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றை ஸ்பேஸ். பாஸ்வேர்டு ஃபீல்டின் நீளத்தை எஸ்கியூஎல்லில் லெங்த் போட்டுக் கேளுங்கள். எட்டு எழுத்துக்கு ஒன்பது என்று பதில் வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

(எஸ்டிடி கோடில் ஆரம்பிக்கும் பாஸ்வேர்டு வைக்கக் கூடாது என்பது தனி விஷயம். 2001-க்கு 2001 என்றே வைத்திருக்கும் கடைகளையும் பார்த்திருக்கிறேன்.)

"நோ மேட்சிங்" என்றால், அடியிலிருந்து மேலே ஏற வேண்டும். பெரும்பாலானவர்கள் மேலிருந்து, அதாவது போனிலிருந்து ஆரம்பித்துக் குழம்புகிறார்கள். குழப்பத்துக்குப் பெரிய காரணம் பெயர்கள். டேட்டாபேஸுக்கு ஒரு பெயர். ஆஸ்டரிஸ்க்கையும் டேட்டாபேஸையும் இணைக்கும் பாலம் ஓடிபிசி, அதன் ஓடிபிசி.ஐஎன்ஐ கோப்பில் இணைப்புக்கு டிஎஸ்என் என்று ஒரு பெயர். ரெஸ்_ஓடிபிசி.கான்ஃப் கோப்பில் சதுர அடைப்புக்குள் இன்னொரு பெயர். வழிகாட்டிகளில் மூன்றுக்குமே "ஆஸ்டரிஸ்க்" என்று வைத்திருப்பார்கள். டேட்டாபேஸ் யூசர் பெயரும் அதுவே. ஒரே தெருவில் நாலு பேருக்கும் முருகன் என்று பெயர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

நான் வேறு வேறு பெயர் வைத்துவிடுவேன். டேட்டாபேஸுக்கு "கடைபோன்", டிஎஸ்என்னுக்கு "வைகை", ரெஸ்_ஓடிபிசி பிரிவுக்கு "தெப்பம்" என்று வைத்துக்கொள்வோம். இப்போது சங்கிலி கண்ணுக்குத் தெரியும். எக்ஸ்ட்கான்ஃபிக்.கான்ஃப் கோப்பில் பிஎஸ்_எண்ட்பாயின்ட்ஸ் என்பதற்கு எதிரே "ஓடிபிசி, தெப்பம்" என்று எழுத வேண்டும். இங்கே டேட்டாபேஸ் பெயரை எழுதிவிட்டு விழிப்பவர்கள் ஏராளம். தெப்பம் என்ற பிரிவுக்குள் டிஎஸ்என் வைகை என்றிருக்கும். வைகைக்குள் டேட்டாபேஸ் கடைபோன் என்றிருக்கும். இதற்கெல்லாம் மேலே எந்தத் தகவலை எங்கே தேடுவது என்று சொல்லும் சோர்சரி.கான்ஃப் கோப்பில், ரெஸ்_பிஜேசிப் பிரிவின் கீழ், எண்ட்பாயின்ட், ஆத், ஏஓஆர் மூன்றையும் "ரியல்டைம்" (தேவைப்படும்போது டேட்டாபேஸில் பார்) என்று சொல்லி அந்தந்த டேபிள் பெயரைக் காட்ட வேண்டும். சோர்சரியைத் தொடாமல் எக்ஸ்ட்கான்ஃபிக்கை மட்டும் எழுதினால் பிஜேசிப் டேட்டாபேஸ் பக்கம் திரும்பியே பார்க்காது. லாகிலும் சத்தம் இருக்காது.

ஏறும் வரிசை இது. ஆஸ்டரிஸ்க்கை மறந்துவிட்டு லினக்ஸ் வரியில், ஓடிபிசி இணைப்பைச் சோதிக்கும் ஐஎஸ்கியூஎல் வைத்து வைகைக்குள் நுழைய முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் டிரைவர், பாஸ்வேர்டு, அல்லது லோக்கல்ஹோஸ்ட் தகராறு. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் டிரைவர் யூனிக்ஸ் சாக்கெட் கோப்பைத் தேடிப் போகும். அந்தக் கோப்பு வேறு இடத்தில் இருந்தால் இணைப்பு விழும். 127.0.0.1 என்று எழுதினால் டிசிபி வழியாகப் போகும். நுழைந்துவிட்டதா, அப்புறம் ஆஸ்டரிஸ்க் கன்சோலில் "ஓடிபிசி ஷோ". தெப்பம் பட்டியலில் வர வேண்டும். அடுத்து "ரியல்டைம் லோட் பிஎஸ்_எண்ட்பாயின்ட்ஸ் ஐடி 2002". 2002-இன் ஃபீல்டுகள் வரிசையாகக் கொட்ட வேண்டும். கொட்டவில்லை என்றால் எக்ஸ்ட்கான்ஃபிக்கில் தப்பு. கடைசியாக "பிஜேசிப் ஷோ எண்ட்பாயின்ட் 2002". ரியல்டைம் லோட் வேலை செய்து இது மட்டும் கிடைக்கவில்லை என்றால் சோர்சரியில் தப்பு. இந்த நாலு படி ஏறிய பிறகுதான் போனைக் கையில் எடுக்க வேண்டும். மாடியூல்ஸ்.கான்ஃப் கோப்பில் ரெஸ்_ஓடிபிசி, ரெஸ்_கான்ஃபிக்_ஓடிபிசி இரண்டையும் ப்ரீலோட் என்று போட்டுவிட்டால், பிஜேசிப் எழுவதற்கு முன்னாலேயே டேட்டாபேஸ் தயாராக இருக்கும்.

டேபிள்களை நீங்களாகக் கையால் உருவாக்கினீர்களா? அப்படியானால் அதை எறிந்துவிடுங்கள். எண்ட்பாயின்ட் டேபிளில் 100-க்கு மேல் ஃபீல்டு உண்டு. ஆஸ்டரிஸ்க் சோர்ஸுக்குள் கான்ட்ரிப் ஃபோல்டரில் ஏஎஸ்டி-டிபி-மேனேஜ் என்று இருக்கும். அலெம்பிக் என்ற பைத்தான் கருவி அதை வைத்து டேபிள்களை அதுவே கட்டிக் கொடுத்துவிடும். ஆஸ்டரிஸ்க்கைப் புதிய பதிப்புக்கு ஏற்றும்போதும் அலெம்பிக்கை ஒரு தடவை ஓட்ட வேண்டும், புதிய ஃபீல்டுகள் சேரும்.

மூன்று டேபிளிலும் ஐடியை ஒன்றாகவே வையுங்கள். எண்ட்பாயின்ட் 2002, ஆத் 2002, ஏஓஆர் 2002. ஆத்துக்கு "2002-ஆத்" என்றெல்லாம் அழகு பார்க்க வேண்டாம். எண்ட்பாயின்ட்டுக்கும் ஆத்துக்கும் வெவ்வேறு பெயர் இருக்கலாம், அதில் பிழை இல்லை. ஆனால் ஏஓஆர் பெயர், போன் தன் ரெஜிஸ்டர் கோரிக்கையின் டூ வரியில் எழுதி அனுப்பும் பெயரோடு ஒத்திருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் 404 (அப்படி ஒன்று இல்லை) வரும்.

இதுவரை சொன்னது பழுது பார்ப்பது. இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். சோர்சரியில் கான்டாக்ட் என்பதையும் ரியல்டைம் ஆக்கியிருக்கிறீர்களே, அது எதற்கு?

ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜில் ரூம் போட்டால் என்ன நடக்கும்? ஒரு பெரிய நோட்டில் நம் பெயர், ஊர், ஆதார் எண் எல்லாம் எழுதுவார்கள். மேனேஜர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாவி மாட்டும் பலகை ஒன்று இருக்கும். சாவி தொங்கினால் ஆள் வெளியே, தொங்கவில்லை என்றால் ஆள் ரூமில். நோட்டு வேறு, பலகை வேறு. நோட்டில் எழுதியதை அடிக்கடி மாற்ற மாட்டார்கள், ஆனால் வருஷக் கணக்கில் பத்திரமாக வைக்க வேண்டும். பலகை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், நாளைக்கு அதனால் யாருக்கும் பயனில்லை. ரெஜிஸ்ட்ரேஷனை டேட்டாபேஸில் வைப்பது என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. எண்ட்பாயின்ட், ஆத், ஏஓஆர் மூன்றும் நோட்டு: இந்தப் போன் யார், பாஸ்வேர்டு என்ன, யாரை அழைக்கலாம். கான்டாக்ட் என்பது சாவிப் பலகை: இந்தப் போன் இந்த நிமிஷம் எந்த ஐபியில், எந்தப் போர்ட்டில் இருக்கிறது.

நோட்டு டேட்டாபேஸுக்குப் போகட்டும், அதற்காகத்தானே இந்த வேலையே. பலகைக்கு உங்கள் கடையில் டேட்டாபேஸ் தேவையில்லை. ஒரே சர்வர்தான் இருக்கிறது. சோர்சரியில் கான்டாக்ட் பற்றி ஒன்றும் எழுதாவிட்டால் ஆஸ்டரிஸ்க் அதைத் தன் உள் டேட்டாபேஸில், எஸ்கியூலைட் கோப்பில், வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தாலும் அழியாது. அதை மரியாடிபிக்கு அனுப்பினால் ஒவ்வொரு போனும் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்து வேலை, காலாவதி பார்க்கும் வேலை வேறு. கிடைக்கும் லாபம், வேறொரு நிரல் எந்தப் போன் உயிரோடு இருக்கிறது என்று டேபிளில் எட்டிப் பார்க்கலாம் என்பது மட்டும்தான்.

கப்பலூர் குடோனில் இன்னொரு சர்வர் வைக்கும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். அப்போது நோட்டை மரியாடிபி ரெப்ளிகேஷன் மூலம் அங்கேயும் ஒரு நகல் வையுங்கள், இடையே நெட் போனாலும் குடோன் போன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். பலகையைப் பொதுவில் வைத்தால், விளக்குத்தூண் சர்வர், குடோனில் ரெஜிஸ்டர் ஆன போனின் ஐபியை டேபிளில் பார்த்துவிட்டு நேராக அங்கே மணி அடிக்கப் போகும். நடுவில் இருக்கும் ரூட்டர் இந்த சர்வரைப் பார்த்ததே இல்லை, கதவைத் திறக்காது. "ரெஜிஸ்டர் ஆகியிருக்கு, ஆனா ரிங் போகல" என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது. எந்த சர்வரில் ரெஜிஸ்டர் ஆனது என்று சொல்ல அந்த டேபிளில் ரெஜ்_சர்வர் என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து அழைப்பைத் திருப்பும் வேலையை நாம்தான் எழுத வேண்டும். இரண்டு சர்வருக்கு இடையே ஒரு ட்ரங்க் போட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

ஆயிரக்கணக்கில் போன் இருந்தால் கதை வேறு. அங்கே முன்னால் கமைலியோ என்ற இன்னொரு சர்வர் மென்பொருளை நிறுத்துவார்கள். அதில் இந்தப் பிரிவினை பெயரிலேயே இருக்கிறது: சப்ஸ்க்ரைபர் டேபிள் நோட்டு, லொகேஷன் டேபிள் பலகை. பலகையை மெமரியில் மட்டும் வைப்பதா, உடனுக்குடன் டேட்டாபேஸில் எழுதுவதா, சேர்த்து வைத்து எழுதுவதா, டேட்டாபேஸில் மட்டுமே வைப்பதா என்று சொல்ல டிபி_மோட் என்று ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். 140 போனுக்கு அது கொசுவுக்குப் பீரங்கி.

அடுத்தது, கரன்ட். கே.கே. நகர் பக்கம் ஓர் அலுவலகத்தில் 90 போன், நோட்டும் பலகையும் இரண்டுமே டேட்டாபேஸில், நானே செய்து கொடுத்தது. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரன்ட்டை நிறுத்திவிட்டு மதியம் 2 மணிக்குக் கொடுத்தார்கள். சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. போன்களுக்குக் கரன்ட் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்சுகள் யுபிஎஸ்ஸில் இல்லை. கரன்ட் வந்ததும் 90 போனும் ஒரே நேரத்தில் பூட் ஆகி, ஒரே நேரத்தில் கதவைத் தட்டின. ஒரு போன் ஒரு தடவை ரெஜிஸ்டர் ஆவதற்கு, முதலில் "2001@ஐபி" என்ற பெயரில் தேடு, இல்லை என்றால் வெறும் 2001 என்று தேடு, ஆத்தை எடு, ஏஓஆரை எடு, பழைய கான்டாக்டைப் பார், புதியதை எழுது என்று டேட்டாபேஸை எட்டு, பத்து தடவை தொட வேண்டியிருக்கும். முதல் 401-க்கு ஒரு சுற்று, பாஸ்வேர்டோடு வரும்போது மறுபடி ஒரு சுற்று.

இதெல்லாம் எத்தனை இணைப்பு வழியாகப் போனது தெரியுமா? ஒன்று. ரெஸ்_ஓடிபிசியில் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் சொல்லாவிட்டால் 1-தான். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை ஒற்றை வாசல் வழியாக விட்ட மாதிரி. யுடிபியில் வரும் போன் பதில் வரும் வரை சும்மா நிற்காது. அரை விநாடியில் மறுபடி அனுப்பும், அப்புறம் 1 விநாடி, 2 விநாடி, 4 விநாடி. 32 விநாடிக்குள் பதில் வராவிட்டால் தோற்றுப்போய், கொஞ்சம் பொறுத்துப் புதிதாக ஆரம்பிக்கும். ஏற்கெனவே வரிசை நீளம், அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து சேர்கிறார்கள். எல்லாப் போனும் எழுந்து நிற்க ஏறக்குறைய கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வரவேற்பில் இருந்த அம்மா எனக்கு மொபைலில் மூன்று தடவை பேசிவிட்டார்.

நான் செய்தது: மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை 10 ஆக்கினேன். யூனிக்ஸ்ஓடிபிசி பதிப்பு 2.3.1-க்கு மேல் இருந்தால்தான் இதை ஏற்ற வேண்டும் என்று மாதிரிக் கோப்பிலேயே எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கான்டாக்டை டேட்டாபேஸிலிருந்து எடுத்துவிட்டேன். சோர்சரியில் எண்ட்பாயின்ட், ஆத், ஏஓஆர் மூன்றுக்கும் மெமரி கேஷ் (சர்வரின் நினைவில் ஒரு தற்காலிக நகல்) போட்டேன், 600 விநாடி ஆனதும் பின்னணியில் புதுப்பித்துக்கொள், 1800 விநாடி ஆனதும் தூக்கி எறி என்று. அடுத்த மாதம் கரன்ட் போய் வந்தபோது நான் வேண்டுமென்றே அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். போன்கள் பூட் ஆவதற்கு எடுத்த நேரம்தான், அப்புறம் எல்லாமே பச்சை. அதற்கு முன்பே ஸ்விட்சுகளை யுபிஎஸ்ஸில் மாட்டச் சொல்லி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், அது மட்டும் இன்னும் நடக்கவில்லை.

கேஷ் போட்டால் ஒரு விலை உண்டு. ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு அவர் போனை டேபிளிலிருந்து அழித்தாலும், கேஷில் இருக்கும் வரை அந்தப் போன் பேசும். அவசரம் என்றால் கன்சோலில் சோர்சரி மெமரி கேஷ் எக்ஸ்பயர் கட்டளையைக் கையால் கொடுங்கள்.

உங்கள் கடைக்கு இன்னொரு சிக்கலும் வரலாம். இரவு 9:30-க்குக் கடை அடைத்து மெயினை இறக்குவீர்கள், போனெல்லாம் தூங்கும், சர்வர் மட்டும் விழித்திருக்கும். மரியாடிபி ஓர் இணைப்பு 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம், சும்மா கிடந்தால் அறுத்துவிடும். காலை 9 மணிக்குக் கடை திறந்து முதல் போன் எழும்போது, ஆஸ்டரிஸ்க் கையில் இருப்பது செத்த இணைப்பாக இருக்கும். நல்ல டிரைவராக இருந்தால் உடனே புதிதாக இணைத்துக்கொள்ளும். சில டிரைவர்கள் செத்ததை உயிரோடிருப்பதாகச் சொல்லும். காலை முதல் அழைப்பு மட்டும் சொதப்புகிறது என்று புகார் வந்தால் நினைவில் வையுங்கள். ரெஸ்_ஓடிபிசியில் சானிட்டிஎஸ்கியூஎல் என்ற இடத்தில் "செலக்ட் 1" என்று கொடுத்துப் பாருங்கள், இணைப்பின் நாடி பார்க்கும் கேள்வி அது.

பாஸ்வேர்டு பற்றி. வெப்சைட் செய்பவர்கள் பாஸ்வேர்டை பிகிரிப்ட் போட்டு, திருப்பி எடுக்க முடியாதபடி அரைத்து, டேபிளில் வைப்பார்கள், இங்கே அது முடியாது. சர்வரும் போனைப் போலவே அரைத்துப் பார்க்க வேண்டுமே, மூலப்பொருள் வேண்டாமா? இரண்டு வழிதான்: பாஸ்வேர்டை அப்படியே வைப்பது, அல்லது "யூசர்:ரியல்ம்:பாஸ்வேர்டு" மூன்றையும் சேர்த்து எம்டி5 போட்டு எம்டி5_கிரெட் ஃபீல்டில் வைப்பது. ரியல்ம் என்பது 401 சொல்லும்போது சர்வர் கூடவே அனுப்பும் பெயர். அது நீங்கள் மாற்றாதவரை "ஆஸ்டரிஸ்க்" என்றுதான் இருக்கும். லினக்ஸ் வரியில் எக்கோ வைத்து எம்டி5 எடுக்கும்போது மைனஸ் என் போட மறந்தால் வரி முடிவும் சேர்ந்து அரைபட்டு, ஹேஷ் தப்பாகிவிடும். எஸ்கியூஎல்லிலேயே எம்டி5 ஃபங்ஷனும் கான்காட்டும் வைத்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எம்டி5 ஆகிவிட்டது, இனிப் பத்திரம் என்று நினைக்காதீர்கள். அந்த ஹேஷ் திருடு போனாலே உங்கள் சர்வரில் ரெஜிஸ்டர் ஆகிவிடலாம், உண்மையான பாஸ்வேர்டு தேவையே இல்லை.

அதனால் டேட்டாபேஸையே பூட்டி வைக்க வேண்டும். மரியாடிபி 127.0.0.1-இல் மட்டும் கேட்கட்டும். ஆஸ்டரிஸ்க் பயன்படுத்தும் டேட்டாபேஸ் யூசருக்கு அந்த மூன்று டேபிளிலும் செலக்ட் உரிமை மட்டும் கொடுங்கள். கான்டாக்ட் டேபிளைப் பயன்படுத்தினால் அதற்கு மட்டும் எழுதவும் அழிக்கவும் உரிமை. யூசர்களைச் சேர்க்கும் உங்கள் ஸ்க்ரிப்டுக்கு வேறு யூசர். 5060 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தால் மூடுங்கள், குடோனுக்கு விபிஎன் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் டேட்டாபேஸுக்குத் தூக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சோர்சரியில் எண்ட்பாயின்ட்டுக்கு இரண்டு வரி எழுதலாம், ஒன்று ரியல்டைம், இன்னொன்று பழைய பிஜேசிப்.கான்ஃப் கோப்பு. இரண்டு இடத்திலும் தேடும். டெலிபோன் கம்பெனி ட்ரங்க்கைக் கோப்பிலேயே விட்டுவிடுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை மாறுவதை டேட்டாபேஸில் வைத்து என்ன காணப்போகிறோம். ட்ரான்ஸ்போர்ட் பிரிவும் கோப்பில்தான் இருக்க வேண்டும். எந்த எண்ணை அழுத்தினால் எங்கே போவது என்று சொல்லும் டயல்பிளானும் அப்படியே இருக்கட்டும். 2-இல் ஆரம்பிக்கும் நாலு இலக்கத்துக்கு ஒரே ஒரு பேட்டர்ன் எழுதினால் புதுப் போன் எத்தனை வந்தாலும் அதைத் தொட வேண்டாம். ஆனால் ஆஸ்டரிஸ்க்கை வெப் திரையில் நிர்வகிக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் போட்டிருக்கும் சர்வரில் இதைச் செய்யாதீர்கள். அதிலும் மைஎஸ்கியூஎல் இருக்கும், ஆனால் அது டேபிளைப் பார்த்துக் கோப்பை எழுதுகிற ரகம், ஆஸ்டரிஸ்க் படிப்பது கோப்பைத்தான்.

காலர் ஐடியில் "சேலைப் பிரிவு", "வேட்டி" என்று தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டால், டேபிள் யுடிஎஃப்8எம்பி4-இல் இருந்தால் மட்டும் போதாது, ஓடிபிசி.ஐஎன்ஐ-யில் சார்செட்டையும் அப்படியே எழுத வேண்டும். இல்லாவிட்டால் கேள்விக்குறியாக வரும். எழுதிய பிறகும் பல மேசைப் போன்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், அதில் தமிழ் ஃபான்ட் கிடையாது. மொபைல் ஆப்பில் அழகாக வரும்.

சரி, இன்று இரவு கடை அடைத்த பிறகு செய்ய வேண்டியது: பிஎஸ்_ஏஓஆர்ஸில் எல்லா வரிக்கும் மேக்ஸ்_கான்டாக்ட்ஸ் 1, ரிமூவ்_எக்ஸிஸ்டிங் யெஸ், ஒரே அப்டேட் கட்டளையில். சோர்சரியில் கான்டாக்ட் வரியை நீக்கிவிட்டு ஆஸ்டரிஸ்க்கை முழுதாக ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரீலோட் போதாது. அப்புறம் 401 காட்டும் போன்களில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து, "பிஜேசிப் செட் லாகர் ஆன்" போட்டு, போனை ஒரு தடவை ரீபூட் செய்து, லாகில் "நோ மேட்சிங்" வருகிறதா "ஃபெயில்டு" வருகிறதா என்று பாருங்கள். அந்த வரியை அனுப்புங்கள் தம்பி, பாஸ்வேர்டை அழித்துவிட்டு.